"ஸ்ட்ரீக் உடையக் கூடாது என்று காயத்தை மறைத்துவிட்டோம், இப்போது என்ன செய்வது?"

டர்பனில், மொபேனி பக்கத்தில், அச்சாரும் மசாலாவும் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பேக்கிங் லைன் சூப்பர்வைசராக இருக்கும் சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். கடிதம் நாலு பக்கம், அதன் சாரம் இதுதான்.

கம்பெனியில் 130 பேர், இவர் லைனில் 14 பேர். எட்டு மாதத்துக்கு முன்னால் நிர்வாகம் ஒரு பழக்க ஆப் கொண்டுவந்தது. ஷிஃப்ட் தொடங்கும்போது கையுறை போட்டாச்சா, பெல்ட்டின் கார்டு (கை உள்ளே போகாமல் தடுக்கும் பாதுகாப்பு மறைப்பு) இடத்தில் இருக்கிறதா, தரையில் எண்ணெய் இல்லையா, தண்ணீர் குடித்தாச்சா, மூன்று நிமிடம் கைகாலை நீட்டினோமா என்று டிக் செய்ய வேண்டும். முடியும்போது 'இன்று எப்படி இருக்கிறீர்கள்' என்று ஸ்மைலி. டிக்குக்குப் புள்ளி. டீமில் யாருக்கும் காயமில்லாமல் 90 நாள் தொடர்ந்து ஓடினால் ஆளுக்கு ஒரு மளிகை வவுச்சர், இந்த விடாத தொடருக்குத்தான் 'ஸ்ட்ரீக்' என்று பெயர். 71-ம் நாள் லேபர் புரோக்கர் (கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் இடைத்தரகர்) மூலம் வந்த ஒரு பெண், ஐந்து மாதமாக அங்கே வேலை செய்பவள், பெல்ட் கடைசி உருளையில் சிக்கிய பாக்கெட்டை எடுக்கப் போய் விரலை விட்டுவிட்டாள். நகம் பெயர்ந்துவிட்டது. "அக்கா, இன்னும் 19 நாள்தான்" என்று எல்லோரும் கெஞ்ச, இவரே கட்டுப்போட்டு, கிளினிக்கில் வீட்டில் கார் கதவில் நசுங்கியதாகச் சொல்லச் சொல்லி அனுப்பினார். ஒன்பது நாளாகிறது. விரல் வீங்கி மடங்கவில்லை, அந்தப் பெண் நாலு நாளாக வேலைக்கு வரவில்லை, வராத நாளுக்குக் காசும் இல்லை.

இதற்கு நடுவில் மேனேஜர், தூக்கம், நடை எல்லாம் பதிவு செய்யும் வாட்சை ஆப்போடு இணைக்கச் சொல்கிறார். புள்ளி குறைந்த மூன்று பேருக்கு எழுத்தில் வார்னிங் போயிருக்கிறது. ஆப் வந்ததிலிருந்து பாதுகாப்புக் கமிட்டி கூடவே இல்லை, ஆப்பின் கணக்கைக் காட்டும் திரையை வைத்து 'டாஷ்போர்டே போதும்' என்றாகிவிட்டது.

"நான் ஜெயிலுக்குப் போவேனா? அந்தப் பெண் புரோக்கர் ஆள்தானே, கம்பெனிக்கு என்ன பொறுப்பு? ஆரம்பத்திலேயே சம்மதம் கொடுத்துவிட்டோமே, இனி மறுக்க முடியாதே?" என்று கேட்கிறார். கடைசியில் ஒரு வரி: "பேசாமல் ஆப்பை அழித்துவிடட்டுமா?"

சகோதரி, முதலில் அந்தப் பெண்ணின் விஷயத்தைப் பார்ப்போம், மற்றதெல்லாம் அப்புறம். ஒன்பது நாள் ஆகியும் மடங்காத விரல் வீட்டு வைத்தியத்துக்கு அடங்குகிற விஷயமில்லை, எலும்பு உடைந்திருக்கலாம், கிருமி உள்ளே போயிருக்கலாம். நாளைக்கே மறுபடி டாக்டரிடம் அனுப்புங்கள், கூடவே நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ போங்கள். உருளையில் சிக்கியது, இன்ன நாள், இன்ன ஷிஃப்ட் என்று உண்மையைச் சொல்லிக் குறிப்பைத் திருத்தச் சொல்லுங்கள். இது வழக்குக்காக மட்டும் இல்லை. கார் கதவில் நசுங்கிய விரலையும், மிளகாய்த்தூளும் எண்ணெயும் படிந்த உருளையில் இழுபட்ட விரலையும் டாக்டர் ஒரே மாதிரி பார்க்க மாட்டார்.

'வீட்டில் நடந்தது என்று சொல்லியாச்சு, இனி நஷ்டஈடு கிடையாது' என்று நீங்கள் எழுதியிருப்பது சரியில்லை. தென்னாப்பிரிக்காவின் 1993-ம் ஆண்டு 130-ம் எண் வேலைக் காய நஷ்டஈட்டுச் சட்டம், நாம் 'கொய்டா' என்று சொல்வது, வேலை இடத்து விபத்தைத் தொழிலாளி வாயால் சொன்னாலும், அவருக்காக இன்னொருவர் சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறது. அவர் நோட்டீஸ் தராவிட்டாலும், முதலாளிக்கு வேறு வழியில் விபத்து தெரிய வந்திருந்தால் அதனாலேயே உரிமை போய்விடாது. விபத்து பற்றிச் சொல்லப்பட்டதும் 7 நாளுக்குள் முதலாளி அதை நஷ்டஈட்டு நிதிக்குத் தெரிவிக்க வேண்டும். வேலை செய்ய முடியாத நிலை மூன்று நாளைத் தாண்டினால் சம்பளத்தில் 75 சதவீதம் கணக்கில் வரும், முதல் மூன்று மாதம் வரை அதை முதலாளியே கொடுத்துவிட்டு நிதியிடம் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தப் பெண் ஏற்கெனவே நாலு நாள் வேலையில்லாமல் இருக்கிறாள் என்பதைக் கவனியுங்கள். கிளினிக்கில் சொன்ன கதை அவளுக்கு எதிராக எடுத்துக்காட்டப்படும் என்பது உண்மைதான், அதைச் சமாளிக்க ஒரே வழி, யார் சொல்லி அப்படிச் சொன்னாள் என்று நீங்களே எழுதிக் கொடுப்பது. கஷ்டம்தான். ஆனால் அந்த ஒரு தாளை அவளுக்காக வேறு யாராலும் எழுத முடியாது.

'புரோக்கர் ஆள்' என்று தள்ளிவிட முடியுமா?

இதில்தான் நம் ஆட்கள் பலர், மேனேஜர்களும் சேர்த்து, குழம்புகிறார்கள். கொய்டாவின் கீழ் முதலாளி புரோக்கர், அதனால் நஷ்டஈட்டுப் பாரம் அவர் வழியாகப் போக வேண்டும். ஆனால் 1993-ம் ஆண்டின் 85-ம் எண் தொழில் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தில் முதலாளி என்பதற்கான விளக்கம் புரோக்கரை வெளியே நிறுத்திவிடுகிறது. அந்தப் பெண் நிற்கிற தரைக்கும், அவள் முன்னால் ஓடுகிற உருளைக்கும் உங்கள் கம்பெனியே பொறுப்பு. அதோடு, குறிப்பிட்ட சம்பள வரம்புக்குக் கீழே இருக்கும் புரோக்கர் தொழிலாளி மூன்று மாதத்துக்கு மேல் ஒரே இடத்தில் வேலை செய்தால், தொழிலுறவுச் சட்டத்தின் கண்ணில் அந்த இடத்துக் கம்பெனியே அவருக்கு முதலாளி. 2018-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் இதை உறுதி செய்துவிட்டது. அவள் வந்து ஐந்து மாதமாகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் தலைக்கு என்ன வரும்?

தொழில் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தின் 14-ம் பிரிவு, பாதுகாப்பில்லாத நிலையைக் கண்ட தொழிலாளி அதை முதலாளியிடமோ பாதுகாப்புப் பிரதிநிதியிடமோ எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சொல்ல வேண்டும், காயம் பட்டவர் ஷிஃப்ட் முடிவதற்குள் சொல்ல வேண்டும் என்கிறது. அதை நீங்கள் செய்யவில்லை. பொதுவான மீறலுக்கு உச்சபட்சம் 50,000 ரேண்ட் அபராதம் அல்லது ஒரு வருட சிறை அல்லது இரண்டும் என்று எழுதியிருக்கிறது. இப்படி ஒரு விஷயத்தில், தானாக முன்வந்து சொன்ன ஒரு லைன் சூப்பர்வைசர் ஜெயிலுக்குப் போவார் என்று நான் நினைக்கவில்லை. எனக்குக் கவலை தருவது கம்பெனியின் உள் விசாரணை. நம் தொழிலாளர் நடுவர்கள் கவனக்குறைவை மன்னிக்கும் அளவுக்கு நேர்மையின்மையை மன்னிப்பதில்லை, 'மறைக்கச் சொன்னேன்' என்பது இரண்டாவது பெட்டியில்தான் விழும். அதனால்தான் அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீங்களே சொல்ல வேண்டும் என்கிறேன். விசாரணை வைத்தால் யூனியன் பிரதிநிதியையோ சக தொழிலாளி ஒருவரையோ கூட அழைத்துப் போக உங்களுக்கு உரிமை உண்டு, தனியாகப் போகாதீர்கள்.

இன்னொரு விஷயம். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கோ அதைப் படித்ததும் தூக்கிவாரிப்போட்டது. "பாதிப் பேருக்கு டேட்டா இல்லை, அதனால் காலையில் நானே 14 பேருக்கும் டிக் போட்டுவிடுவேன்" என்கிறீர்களே! அந்த ஆப் ஒவ்வொரு டிக்குக்கும் நேரம் பதிவு செய்திருக்கும். 5.58-க்குப் பதினான்கு பேர், ஒரே போனிலிருந்து, ஒரே நிமிடத்தில், கையுறை, கார்டு, தரை, தண்ணீர் எல்லாம் சரி என்று சொல்லியிருக்கிறார்கள், மூன்று நிமிட நீட்டல் உட்பட. பெல்ட்டின் கார்டோ பாக்கெட் சிக்குகிறது என்று இரண்டு வாரமாகக் கழற்றிச் சுவரோரம் சாத்திவைக்கப்பட்டிருந்தது. அப்படியானால் இரண்டு வாரமும் 'கார்டு இடத்தில் இருக்கிறது' என்று உங்கள் கையால் பதிவாகியிருக்கிறது. டிக் என்பது கையெழுத்து, சகோதரி. பேப்பரில் போட மாட்டீர்கள் இல்லையா, போனில் மட்டும் ஏன்? நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்தால் கம்பெனி முதலில் எடுத்து நீட்டுவது அந்தப் பட்டியலைத்தான்: "பாருங்கள் சார், தினமும் சரிபார்த்ததாக எங்கள் சூப்பர்வைசர் பதிவு செய்திருக்கிறார்." நாளை காலையிலிருந்து உங்களுக்கு மட்டும் டிக் போடுங்கள், கார்டு இல்லையென்றால் 'இல்லை' என்றே போடுங்கள், ஸ்ட்ரீக் போனால் போகட்டும்.

கார்டைக் கழற்றச் சொன்னது யார் என்று கடிதத்தில் இல்லை. வாயால் சொன்னார்களா, வாட்ஸ்அப்பில் வந்ததா? வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆப் கெட்டதா?

இல்லை. நீங்கள் கோபத்தில் 'எல்லாம் ஏமாற்று' என்று எழுதியிருக்கிறீர்கள், அதோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு குறியைப் பார்த்ததும் ஒரு சின்னக் காரியத்தைத் தினமும் செய்தால் அது யோசிக்காமலே நடக்கிற பழக்கமாகும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு இதைச் செய்வேன் என்கிற மாதிரி அவரவர் தானே தேர்ந்தெடுத்த காரியங்கள். பழக்கமாக ஊறிப்போவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் கணக்கிட்டால் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. உங்கள் மேனேஜர் மீட்டிங்கில் சொன்ன '21 நாள்' கணக்கு அதில் எங்கும் இல்லை. அதைவிட முக்கியம், நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அப்படியிருக்க ஒரு நாள் தவறினால் பூஜ்யத்துக்குத் திரும்பும் ஸ்ட்ரீக், பழக்கம் வளர்ப்பதற்காக வைத்தது இல்லை. ஆளை ஆப்போடு கட்டிப்போடுவதற்காக வைத்தது.

தண்ணீர் குடிப்பது, கையுறை மாட்டுவது, மெஷினைத் துடைக்கும் முன் ஸ்விட்சை அணைத்துப் பூட்டுவது, இதெல்லாம் தொழிலாளி கையில் இருக்கிற காரியம். அதற்கு ஆப் உதவும், புள்ளி கொடுத்தாலும் தப்பில்லை. 'காயமே இல்லை' என்பது அப்படிப்பட்ட காரியம் கிடையாது, அது விளைவு. விளைவுக்குப் பரிசு வைத்தால் ஜனங்கள் காயத்தைக் குறைப்பதற்கு முன் காயத்தைச் சொல்வதைக் குறைப்பார்கள். உங்கள் லைனில் நடந்ததும் அதுதான், 14 பேரும் நல்லவர்களாக இருந்தும் நடந்தது. பெரிய இடத்திலும் இதே கூத்துதான். 2010 ஏப்ரல் 20-ல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் தளம் வெடித்து 11 பேர் இறந்தார்களே, ஏழு வருடமாக வேலைநாள் இழப்புக் காயம் ஒன்றுகூட இல்லை என்று பாராட்டுப் பெற்ற தளம் அது, மேலதிகாரிகள் அன்று அங்கேயே வந்திருந்தார்கள். கைவிரலை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் கிணற்றின் அழுத்தத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

உருளைக்கு வருவோம். பெல்ட் உருளைக்குள் நுழையும் அந்த வாய்க்குக் கம்பி வலைக் கார்டு போடுவது கம்பெனியின் கடமை. பழக்கம் எவ்வளவு ஊறினாலும், ஷிஃப்ட் முடியும் நேரத்தில், தீபாவளி ஆர்டர் நெருக்குகிற வாரத்தில், பாக்கெட் சிக்கினால் கை தானாக அங்கே போகும். முதலில் ஆபத்தை அகற்று, முடியாவிட்டால் அடைத்து மறை, அதற்கப்புறம்தான் ஆளைப் பழக்கு என்பது பாதுகாப்புத் துறையில் பாலபாடம். உங்கள் கம்பெனி கடைசிப் படியை வாங்கி முதல் படியில் வைத்திருக்கிறது. பாக்கெட் ஏன் சிக்குகிறது என்று ஒரு ஃபிட்டரை அழைத்துப் பார்த்தார்களா?

கூடவே, ஆப் முழுக்க ஆங்கிலம், லைனில் பாதிப் பேர் ஜூலு பேசுபவர்கள் என்கிறீர்கள். தன் வேலையில் உள்ள ஆபத்து ஒவ்வொரு தொழிலாளிக்கும் தெரிந்திருக்கும்படி செய்ய முதலாளிக்குச் சட்டக் கடமை இருக்கிறது. புரியாத வாசகத்துக்கு நேராக டிக் வாங்கினால் அது நிறைவேறாது. ஸ்மைலி விஷயமும் இப்படித்தான். அழுத முகம் போட்டால் 'என்ன பிரச்சினை' என்று எச்.ஆர். கூப்பிடுகிறார் என்பதால் எல்லோரும் சிரித்த முகம் போடுகிறார்கள் என்றால், மேனேஜர் மேலிடத்துக்குக் காட்டும் '94 சதவீத ஈடுபாடு' என்னத்தை அளக்கிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

டாஷ்போர்டு கமிட்டியாகாது

20 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புப் பிரதிநிதி இருந்தே ஆக வேண்டும். தொழிற்சாலையில் 50 பேருக்கோ அதன் பகுதிக்கோ ஒருவர் என்பது கணக்கு, ஆக உங்கள் 130 பேருக்கு மூன்று பேர். இரண்டு பிரதிநிதிக்கு மேல் போனாலே, ஏன், இரண்டு பேர் இருந்தாலே கமிட்டி வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். எட்டு மாதமாகக் கூடவில்லை என்பது வெளிப்படையான மீறல். முதலுதவியைத் தாண்டி வைத்தியம் தேவைப்பட்ட ஒவ்வொரு சம்பவத்தையும் அதற்கான படிவத்தில் எழுதி, 7 நாளுக்குள் விசாரித்து, கமிட்டி முன் வைத்து, மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும். அந்தப் படிவத்தில் இந்த விரல் ஏற வேண்டும்.

வாட்ச், தூக்கம், சம்மதம்

சம்மதம் கொடுத்தால் கொடுத்ததுதான் என்பது தப்பு. 2021 ஜூலை 1 முதல் முழுதாக அமலில் இருக்கும் போப்பியா என்ற தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். சம்மதம் தானாக விரும்பி, எதற்கென்று தெரிந்து கொடுத்ததாக இருக்க வேண்டும். 'இணைக்காவிட்டால் புள்ளி போகும், புள்ளி போனால் வார்னிங்' என்ற நிலையில் வாங்கியதை விருப்பம் என்று சொல்வது கடினம். உடல்நலத் தகவலுக்கு அந்தச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உண்டு. அச்சார் பாட்டிலில் லேபிள் ஒட்டும் ஒருவர் இரவு எத்தனை மணிக்குத் தூங்கினார் என்பது கம்பெனிக்கு எதற்கு என்று கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். என்னைப் பற்றி என்ன தகவல் வைத்திருக்கிறீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்கவும் உரிமை இருக்கிறது. பதில் வராவிட்டால் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் புகார் போகலாம்.

ஒன்று மட்டும் கவனம். வாட்சை மறுக்கலாம் என்பதால் கார்டு சரிபார்ப்பையும் மறுக்கலாம் என்று ஆகாது. பாதுகாப்புக்கான நியாயமான உத்தரவைப் பின்பற்றுவது தொழிலாளியின் கடமை. சொந்த போன், சொந்த டேட்டா என்பது வேறு. பாதுகாப்புக்காக முதலாளி செய்ய வேண்டியதற்குத் தொழிலாளி சம்பளத்தில் கை வைக்கக் கூடாது என்று தொழில் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தின் 23-ம் பிரிவு சொல்கிறது. டேட்டா செலவு நேரடியாக அதில் அடங்குமா என்று வாதம் வரலாம், ஆனால் லைனுக்கு ஒரு டேப்லெட் கொடுங்கள் என்று கேட்க அந்தப் பிரிவு நல்ல பிடி.

வார்னிங் வாங்கிய மூவரிடமும் சொல்லுங்கள்: நியாயமில்லாத ஒழுங்கு நடவடிக்கை என்று, தொழிலாளர் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையமான சிசிஎம்ஏவுக்குப் போக 90 நாள் அவகாசம். வேலையை விட்டே நீக்கினால் 30 நாள்தான். கட்டணம் கிடையாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது

டாக்டர் முதலில். அடுத்து, ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் ஒரு கடிதம்: என்ன நாள், என்ன நேரம், எந்த உருளை, கார்டு எங்கே இருந்தது, யார் இருந்தார்கள், நீங்கள் என்ன சொல்லி அனுப்பினீர்கள். காரணம், சமாதானம், வவுச்சர் கதை எல்லாம் அதில் வேண்டாம், விசாரணையில் சொல்லிக்கொள்ளலாம். மேனேஜருக்கும், பாதுகாப்புப் பிரதிநிதிக்கும், புரோக்கர் அலுவலகத்துக்கும் ஒரே நாளில் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மேனேஜர் கையெழுத்துப் போட மறுத்தால் அவருக்கே ஈமெயிலில் அனுப்புங்கள். கார்டு மாட்டும்வரை அந்த பெல்ட்டை ஓட்ட வேண்டாம் என்றும் ஒரு வரி சேர்க்கவும். இப்படி முறையிட்டதற்காக உங்களைப் பழிவாங்குவதை அதே பாதுகாப்புச் சட்டத்தின் 26-ம் பிரிவு தடுக்கிறது. அது நீங்கள் மறைத்ததற்கான விசாரணையைத் தடுக்காது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கம்பெனி அசையாவிட்டால் வேலைவாய்ப்பு, தொழிலாளர் துறையின் டர்பன் அலுவலகத்தில் இன்ஸ்பெக்டரிடம் போகலாம்.

டீமிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், வேறு வாயிலிருந்து கேட்டால் காட்டிக்கொடுத்ததாகத்தான் நினைப்பார்கள். கோபப்படுவார்கள், வவுச்சரை நம்பிக் கணக்குப் போட்டு வைத்திருந்தவர்களும் இருப்பார்கள். பரிசை வேறு மாதிரி வையுங்கள் என்று நிர்வாகத்திடம் எல்லோரும் சேர்ந்து கேட்கலாம்: காயமில்லாத நாளுக்கு வேண்டாம், 'நூலிழையில் தப்பியது' என்று சொன்ன தகவலுக்கும், அதை வைத்துச் சரிசெய்த மெஷினுக்கும் கொடுங்கள் என்று.

கடைசியாக நீங்கள் கேட்டது. ஆப்பை அழிக்காதீர்கள். அழித்தாலும் பதிவுகள் கம்பெனி சர்வரில் அப்படியே இருக்கும், உங்கள் கையில் மட்டும் ஒன்றும் இருக்காது, ஆதாரத்தை அழிக்கப் பார்த்தார் என்ற பேச்சும் சேரும். விபத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தையும், அன்றைய பக்கத்தையும், மேனேஜர் அனுப்பிய வாட்ச் செய்தியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கம்பெனி ஈமெயிலில் வைக்காமல், உங்கள் சொந்த ஈமெயிலுக்கு அனுப்பி வையுங்கள். மற்ற 13 பேரின் உடல்நல விவரம் தெரியும் பக்கங்களை எடுக்க வேண்டாம், போப்பியா உங்களுக்கும் பொருந்தும்.